மணிக்கட்டில் ஏறிய வேவுகாரன்

அந்த ரொட்டிக் கூடத்தில் மாவு அறைகிறவளுக்கு இடியம்மா என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. காலை ஏழு மணிக்கு அவள் முதல் மாவுருண்டையைத் தலைக்கு மேலே தூக்கி மேசையில் அறைந்தால், எதிர்வீட்டு மாடியில் பல் துலக்குகிறவர் வாயிலிருப்பதைத் துப்ப மறந்து விழுங்கிவிடுவார். மூன்றாவது தெருவில் இருக்கும் மதில்மேல் பூனை, எந்தப் பக்கம் குதிப்பது என்பதை அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். ஒருமுறை அவள் அறைந்த அறையில் சுவர் நாள்காட்டி நாலு தாள் உதிர்ந்து மாதம் பிறந்துவிட்டதென்றும், முதலாளி அதை நம்பிச் சம்பளம் கொடுத்துவிட்டாரென்றும் ஒரு பேச்சு உண்டு. தாள் உதிர்ந்ததை எல்லோரும் நம்புகிறார்கள். சம்பளம் கொடுத்ததைத்தான் யாரும் நம்புவதில்லை.

கூடத்தில் மாவு கலக்க இயந்திரம் இருந்தது. அது கலக்கும், அவ்வளவுதான். கலந்து வருகிற மாவு சோம்பேறி மாவு. அதைத் தூக்கி அறைந்து, மடித்து, மறுபடி அறைந்தால்தான் அதற்கு ரோஷம் வரும். ஒரு துண்டைப் பிய்த்து இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், கிழியாமல் கண்ணாடித்தாள் போல ஒளி தெரிய வேண்டும். இருபத்தாறு வருடமாக அந்த வேலையை அவள் யாரிடமும் விட்டுக் கொடுத்ததில்லை. ஐம்பத்தேழு வயதில் அவளுக்குத் தோள் வலிக்கவில்லை, முதுகு வலிக்கவில்லை. மூக்கு நுனியில் இருக்கும் கோபம் மட்டும் வருடத்துக்கு வருடம் எடை போட்டுக்கொண்டே வந்தது.

அப்படிப்பட்டவளின் கையில்தான் மகன் அந்தக் கைக்கடிகாரத்தைக் கட்டினான்.

ஒரே மகன். ரயிலில் ஒரு பகல் தூரத்தில் பெரிய கம்பெனியில் வேலை. விடுமுறைக்கு வந்தவன், நகைப்பெட்டி போல ஒரு வெள்ளைப் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துத் திறந்தான். உள்ளே ஒரு கறுப்புக் கண்ணாடிச் சில்லு, வாருடன்.

"என்னடா இது, முள்ளையே காணோம்?"

"இதுதான்மா இப்ப வந்ததுலேயே ஒசத்தி. உன் நாடித்துடிப்பு, தூக்கம், எத்தனை அடி நடக்கற, எல்லாம் இதுக்குத் தெரியும். எல்லாம் என் போனுக்கு வந்துடும்."

"நான் தூங்கறது உன் போனுக்கு எதுக்கு?"

"நீ விழுந்தாக்கூட கண்டுபிடிச்சிடும். கையில அதிர்ந்து ஒரு நிமிஷம் பார்க்கும். நீ தொட்டு நிறுத்தலேன்னா எனக்கும் ஆம்புலன்சுக்கும் அதுவே போன் போட்டுடும்."

"நான் எதுக்குடா விழறேன்?"

மகன் கண் குளியலறைக் கதவுக்குப் போனது. அவள் கண்ணும் போனது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் அப்பா விழுந்தது அந்தக் கதவுக்குப் பின்னால்தான். அவள் வேலை முடிந்து வந்து கதவைத் தள்ளும்வரை நாலு மணி நேரம் அந்த ஈரத் தரையில் கிடந்தார். கையை நீட்டினாள்.

மறுநாள் அதை முழங்கைக்கு மேலே தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனாள். மாவு மேசையில் நிற்பவர் கையில் முழங்கைக்குக் கீழே வளையல், மோதிரம், நூல் எதுவும் இருக்கக் கூடாது. ரொட்டியில் மோதிரம் அகப்பட்டுப் பல் உடைந்தால் தின்றவர் சும்மா விடுவாரா? முதல் உருண்டையைத் தூக்கி அறைந்தாள். கடிகாரம் கையைக் கடித்த மாதிரி அதிர்ந்தது. கையெல்லாம் மாவு, யார் தொடுவது? இன்னொரு அறை. இன்னொரு அதிர்வு. பதினைந்தாவது நிமிடத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு ஆட்கள் படுக்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள்.

"யாரும்மா விழுந்தது?"

"மாவு," என்றாள் இடியம்மா, அறைவதை நிறுத்தாமல். "தூக்கிட்டுப் போறீங்களா?"

கூடமே சிரித்தது. மூன்றாவது முறை ஆம்புலன்ஸ் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. வந்தவர்கள், இங்கே வந்த நேரத்தில் எங்கேயோ ஒருவர் காத்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளி அவளைவிட இளையவர். குரலை உயர்த்தத் தெரியாதவர். அன்றைக்கு உயர்த்தினார்.

"அக்கா, ஒண்ணு அந்த வாட்ச், இல்லேன்னா நீங்க. ரெண்டுல ஒண்ணுதான் இந்தக் கூடத்துக்குள்ள வரலாம்."

கழற்றி அலமாரியில் வைத்தாள். மூன்று நிமிடத்தில் அவளுடைய பழைய பொத்தான் போன் மணியடித்தது. ஒரு முறை மாவுத் தட்டோடு அடுப்புக்குள் போய் வெந்து திரும்பியும் உயிர் விடாத போன் அது.

"அம்மா, ஏன் கழட்டின?"

"வேலை பண்ண வேண்டாமா?"

"எனக்கு இங்க சிவப்பா வந்துட்டு நிக்குதும்மா. பதறிப் போயிடறேன்."

"அந்த விழற சமாச்சாரத்தை மட்டும் அணைச்சுத் தொலை. கட்டிக்கறேன்."

"அதை அணைச்சா வாங்கினதே வீண். அம்மா, நான் ஒண்ணு சொல்றேன். வாட்சைக் கட்டிக்கோ. கட்ட முடியாத வேலைன்னா, அந்த வேலையே உனக்கு வேண்டாம். விட்டுட்டு எங்கூட வந்துடு. இனிமே இதுல பேச்சே இல்ல."

பேச்சே இல்லையாம்! இருபத்தாறு வருடம் அறைந்த மாவில் இவன் பள்ளிக்கூடம் போனான், கல்லூரி போனான், அந்தப் பெரிய கம்பெனிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். இப்போது பேச்சே இல்லை. அன்றைக்கு அவள் அறைந்த மாவில் சுட்ட ரொட்டி பஞ்சாக இருந்ததென்று வாங்கியவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள். கோபத்தில் வெந்த ரொட்டி அது.

கூடத்தின் மறுகோடியில் அடுப்புக்காரர் இருந்தார். அறுபது வயது, ஒல்லி. நீளக் கம்பின் முனையில் பலகை வைத்த துடுப்பால் ரொட்டிகளை அடுப்புக்குள் தள்ளுவார், இழுப்பார். மாவில் கை வைக்கவே மாட்டார். ஒரு ஈடு வேகும்வரை கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டே மணத்தை வைத்து எழுந்துவிடுவார். பெரிய அடுப்புக்கு முன்னால் இருபது வருடம் உட்கார்ந்து அவர் புருவம் வளர்வதையே மறந்துவிட்டது. இடியம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, கையை நீட்டுங்க."

"எதுக்கு தங்கச்சி?"

"இதைக் கட்டிக்குங்க. ஏழு மணிலேர்ந்து ரெண்டு மணிவரைக்கும். அப்புறம் குடுத்துடுங்க."

அடுப்புக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதோட விலைக்கு ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாமே! எனக்கு எதுக்கு?"

"உங்களுக்கு இல்ல. என் பையனுக்கு. அவனுக்கு அம்மா அசையாம உக்காந்திருக்கணும். உங்களைவிட அசையாம உக்கார்ற ஆளு இந்தக் கூடத்துல யாரு இருக்கா?"

அப்படித்தான் அந்த வேவுகாரனை அவள் வேறு மணிக்கட்டுக்கு அனுப்பினாள். நாலு இலக்கத்தைத் தட்டினால் கடிகாரம் திறந்துகொள்ளும். யார் தட்டினார்கள், யார் கையில் என்றெல்லாம் அது கேட்பதில்லை. ஆம்புலன்ஸ் நின்றது. போன் தொல்லை நின்றது. அடுப்புக்காரர் அந்த இடதுகையை மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். மணி கேட்காதவர்களுக்கும் மணி சொன்னார். முதலாளி வரும்போது மட்டும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார்.

மகன் சாயங்காலம் பேசும்போது குரலில் தேன் வழிந்தது. "பார்த்தியாம்மா, எவ்வளவு மாறிட்ட! இப்பல்லாம் காலையில நல்லா ரெஸ்ட் எடுக்கற. துடிப்பு எழுபதுக்கு மேல போறதே இல்ல. நடைதான் கம்மி. கொஞ்சம் நடம்மா."

"நடக்கறேன்டா கண்ணு," என்பாள். வைத்துவிட்டுத் தனியாகச் சிரிப்பாள். சிரித்த பிறகு, எதற்கென்று தெரியாமல் எரிச்சல் வரும். அடுப்புக்காரரின் தூக்கத்தைப் பார்த்து அம்மாவை மெச்சுகிறான். பெற்ற பிள்ளைக்கு வித்தியாசம் தெரியவில்லையே! இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு முதலாளியின் போன் அடித்தது. பேசி முடித்த முதலாளி முகம் மாவை விட வெளுத்திருந்தது.

"அக்கா, மேசையை விட்டு வாங்க. உங்க இதயத் துடிப்பு ஒழுங்கா இல்லையாம். ஒண்ணு அடிக்குதாம், ஒண்ணு தப்புதாம். உங்க பையன் போன் பண்ணிச் சொன்னார். டாக்டரைப் பார்த்துட்டு, கடுதாசி இல்லாம வேலைக்கு வராதீங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்ல முடியாது."

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகக் கைமாவைக் கழுவாமல் அவள் தெருவில் இறங்கினாள். டாக்டர் ஒரு பெண். மார்பில் கம்பிகளை ஒட்டி, நீளக் காகிதத்தில் கோடு எடுத்து, இரண்டு முறை பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. இரும்பு நெஞ்சு."

மகன் போனில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "டாக்டர், நீங்க பார்த்த நேரம் சரியா இருந்திருக்கும். இது வந்து வந்து போகும். அந்த வாட்ச் பொய் சொல்லாது."

"வாட்ச் ஏதோ சரியில்லன்னு சொல்லும் சார். என்னன்னு சொல்லாது. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

"உங்க மெஷினைவிட அது புதுசு, டாக்டர்."

"இருக்கலாம். எங்க மெஷின் முன்னாடி ஆளே வந்து படுக்கறாங்களே." டாக்டர் கொஞ்சம் யோசித்து இறங்கி வந்தாள். "வந்து போகும்ங்கறது சரிதான். வேணும்னா ஒரு நாள் முழுக்க வேற கருவி மாட்டிப் பார்க்கலாம்."

"அதெல்லாம் இங்க பெரிய ஆஸ்பத்திரில பார்த்துக்கறேன். சனிக்கிழமை வர்றேன்மா. பெட்டியோட ரெடியா இரு. வேலைக்கு இன்னிக்கே சொல்லிடு."

என் நெஞ்சு என்னிடம் இருக்கிறது, அதைப்பற்றி ரெண்டு பேர் பேசுகிறார்கள், ஒருத்தன் பேச்சில் கடிகாரம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நான் மட்டும் இல்லை! பஸ்ஸில் உட்கார்ந்து அவள் பல்லைக் கடித்த சத்தத்தில் டிரைவர் பிரேக் பிடித்தாரென்று சொல்வார்கள். மூன்றாவது நிறுத்தம் வந்தபோது பல் கடிப்பது நின்றுவிட்டது. பதினொன்று பத்துக்கு அந்தக் கடிகாரம் யார் கையில் இருந்தது?

அடுப்புக்காரர் கையில். ஆனாலும் மனுஷ மனசுக்கு வழுக்கத் தெரியும். அந்தக் கடிகாரம் மாவை ஆள் என்று சொன்ன கடிகாரம்தானே? தூங்குகிறவரை அம்மா என்று சொன்ன கடிகாரம்தானே? அது டப்பா. டப்பாவாக இருந்துவிட்டால் அவள் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வேலையும் பிழைக்கும். மறுநாள் டாக்டர் கடுதாசியை முதலாளி முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டு உள்ளே போய், அடுப்புக்காரரிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, உங்களுக்கு நெஞ்சுல ஏதாவது…"

"எனக்கா? என்ன தங்கச்சி, நீயுமா அந்த டப்பாவை நம்பற?"

அவளுக்குக் கேட்க வேண்டிய பதில் அதுதான். கேட்டுக்கொண்டு மாவுக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கருகல் வாடை வந்தது. அந்தக் கூடத்தில் யாருக்கும் அது என்ன வாடை என்று முதலில் புரியவில்லை. அடுப்புக்காரர் இருக்கும்போது அங்கே எதுவும் கருகியதில்லை. இடியம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் துடுப்பைப் பாதி இழுத்தபடி நின்றிருந்தார். இழுக்கவில்லை. அதைச் சுவர் போலப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். உதடு சாம்பல் நிறம். உள்ளே நாற்பது ரொட்டி கரியாகிக்கொண்டிருந்தது.

அவள் ஓடிப்போய் அவரைப் பெட்டியில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். மூச்சு வந்ததும் திட்டத் தொடங்கினாள்.

"எத்தனை நாளா?"

"கோவிச்சுக்காத தங்கச்சி. நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி புரள்ற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்துல போயிடும்."

"எத்தனை நாளான்னு கேட்டேன்!"

"நாலஞ்சு மாசம்."

"வாயில என்ன, கொழுக்கட்டையா? சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா, அந்த எலக்ட்ரிக் அடுப்பு விக்கறவன் வாசல்லயே நிக்கறான். எனக்கு ஒடம்பு முடியலன்னு தெரிஞ்சா முதலாளி அன்னிக்கே வாங்கிப் போட்டுடுவார். நீ மட்டும் யோக்கியமா? வேலைக்குப் பயந்துதானே உன் துடிப்பை எங்கிட்ட கழட்டிக் குடுத்த?"

உண்மையைக் கேட்டால் இடியம்மாவுக்குக் கோபம் இரண்டு மடங்காகும். மாவுக்கையோடு அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதே டாக்டர் முன்னால் தள்ளினாள். நீளக் காகிதம் வந்தது. அவளுடைய காகிதத்தில் கோடுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. இவருடையதில் குடித்துவிட்டு வீடு திரும்பின.

"இதை இப்படியே விட்டிருந்தா, என்னிக்காவது ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கும். பக்கவாதத்துல கொண்டு விட்டிருக்கும்," என்றாள் டாக்டர். "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், இன்னிக்கே போங்க. மாத்திரையில அடங்கும். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

இடியம்மா நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தக் கறுப்புச் சில்லு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. இனிமேல் அதை நிம்மதியாகத் திட்டக்கூட முடியாது. செவ்வாயிலிருந்து வெள்ளிவரை மூன்று நாள் அதை டப்பா என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்.

சனிக்கிழமை மகன் வந்தான். காலிப் பெட்டி ஒன்றைச் சாப்பாட்டு மேசைமேல் திறந்து வைத்தான்.

"துணியெல்லாம் எடுத்து வைம்மா. சாயங்காலம் ரயில்."

"உக்காரு."

"அம்மா…"

"உக்காருடா! அது என் நெஞ்சு இல்ல. அடுப்பு அண்ணனோட நெஞ்சு. ரெண்டு மாசமா ஏழு மணிலேர்ந்து ரெண்டு மணிவரைக்கும் அவர் கையிலதான் இருந்துச்சு."

"ரெண்டு மாசமாவா? தினம் ஆபீஸ் போனதும் முதல்ல அதைத்தான் திறப்பேன். உன் துடிப்பு எழுபதுன்னு பார்த்தாதான் எனக்கு டீ தொண்டையில இறங்கும்."

"அது அண்ணனோட எழுபது. அண்ணன் தூங்கினதுக்கு நீ எனக்குச் சபாஷ் போட்ட. அண்ணன் நடக்கலன்னு என்னைத் திட்டின."

"இது உனக்கு விளையாட்டாம்மா?" அவனும் எழுந்துவிட்டான். கோபத்தில் அவன் அப்படியே அவள் பிள்ளை. "என்னை ஏமாத்தியிருக்க! அப்பா கையில மட்டும் இது இருந்திருந்தா? சொல்லு. நாலு மணி நேரம் அந்தத் தரையில…"

"சொல்லுடா. பாதியில நிறுத்தாத. நான் வேலைக்குப் போயிருந்தேன்னு சொல்லு. மாவு அறைஞ்சிட்டிருந்தேன்னு சொல்லு. ரெண்டு வருஷமா அதைச் சொல்ல வாய் வராமத்தானே என் கையில விலங்கு மாட்டியிருக்க? அந்த வேலையை விட வைக்கணும்னு நிக்கற?"

"உன்னைச் சொல்லலம்மா!" கத்தியவன் குரல் நடுவில் உடைந்தது. "நீ அன்னிக்கு எனக்குப் போன் பண்ணின. மூணு தடவை. அப்பா வீட்டுல போனை எடுக்கலன்னு, கீழ்வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லத்தான் பண்ணியிருப்ப. நான் மீட்டிங்ல இருந்தேன். மூணு தடவையும் கட் பண்ணினேன்."

அது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. அவன் மறந்துவிட்டான் என்றே நினைத்திருந்தாள்.

வேறு அம்மாவாக இருந்தால் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். இடியம்மா மேசையில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். காலிப் பெட்டி குதித்து மூடிக்கொண்டது.

"அதுக்கு நீ போனை எடுக்கணும்டா! வாட்சா வாங்குவாங்க? நான் கூப்பிட்டா எடுத்து, 'என்னம்மா'ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு ஸ்கூட்டர் விலை குடுக்க வேண்டாம். என் மூச்சு, என் தூக்கம், என் நாடி எல்லாம் உன் சட்டைப் பையில கிடக்கு. ஆனா என் குரல் மாறினா உனக்குத் தெரியுமா? தினமும் சாயங்காலம் உங்கிட்ட பொய் சொன்னேனே, ஒரு நாளாவது கண்டுபிடிச்சியா?"

மகன் நாற்காலியில் உட்கார்ந்தான். "ஆனா அது சொன்னதாலதானேம்மா அவர் பொழைச்சார்," என்றான்.

"ஆமாம்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "அதுக்காக அதை ஒண்ணும் நான் கும்பிடப் போறதில்ல. யாருக்கு வேணுமோ அவர் கையில இருக்கட்டும். உன் போனுக்கே வரட்டும். ரெண்டு மாசமா பார்த்த, இனிமே யாரோட நெஞ்சுன்னு தெரிஞ்சுகிட்டுப் பாரு. நான் திங்கட்கிழமை வேலைக்குப் போறேன். இனிமே இதுல பேச்சே இல்ல."

இப்போது அடுப்புக்காரர் மாத்திரை விழுங்கிக்கொண்டு அரைநாள் வேலை பார்க்கிறார். முதலாளி எலக்ட்ரிக் அடுப்பும் வாங்கிவிட்டார். அதற்கு மணம் பார்க்கத் தெரியாததால், அதன் முன்னாலும் அவரையே பெட்டி போட்டு உட்கார வைத்திருக்கிறார். தினமும் ஒன்பது மணிக்கு இடியம்மாவின் மகனிடமிருந்து அவருக்குப் போன் வருகிறது. "பெரியப்பா, இன்னிக்கு நானூறு அடிதான் காட்டுது, எழுந்து நடங்க." அடுப்புக்காரர் கடிகாரத்தைத் திட்டிக்கொண்டே வாசல்வரை போய் வருகிறார்.

இடியம்மாவின் முறை பதினொரு மணி, மாவு உப்பிக்கொண்டிருக்கிற நேரம். மாவு படாத விரல்முட்டியால் பொத்தானை அழுத்தி மகனைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போடுவாள். போன வாரம் நாலு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தான். பின்னால் யாரோ கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"என்னம்மா?" என்றான், கிசுகிசுவென்று.

"நாலு தடவை மணி அடிச்சுது. எங்கடா போன? கேட்டுக்கோ," என்று பெரிய உருண்டையாக ஒன்றைத் தூக்கி மேசையில் போட்டாள் ஒரு போடு.

மறுமுனையில் பேச்சு நின்றுவிட்டது. யாரோ ஒருவர் பயந்துபோய், "என்ன சார் சத்தம்?" என்று கேட்டார்.

"எங்கம்மா," என்றது மகன் குரல். "நல்லா இருக்காங்க."

"வை போனை," என்றாள் இடியம்மா. "நாளைக்கு ரெண்டாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுக்கணும்."